மண்டபம் வீட்டுக் கூரை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உடனே பதில் போட முடியாமல் போனதற்கு, மண்டபம் ஊரில் நான் வாடகைக்கு விட்டிருக்கிற வீடுதான் காரணம். நீ வாடகைக்கு விட்டிருக்கிற உச்சிப்புளி வீட்டு பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டினவர் அரைகுறையாகப் பண்ணிவிட்டுப் போனதைப் படித்தபோது நான் அதைவிடப் பெரிய கவலையில் இருந்தேன்.

போன மாதம் பின் போர்ஷனில் சீலிங் பெயர்ந்து விழுந்துவிட்டது. அங்கே வாடகைக்குக் குடியிருக்கிற தங்கச்சி, குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறது. தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பத்தை. போன் வந்ததும் ஓடினேன். கையில் எடுத்துப் பார்த்தால் முக்கால் இன்ச் கனம், உள்பக்கம் முழுக்கச் செங்காவியாகத் துரு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்துக்குத்தான் 18,000 ரூபாய் கொடுத்து ரிப்பேர் பார்த்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பழைய துரு அப்படியே கம்பியில் செதில் செதிலாக நின்றது. அன்றைக்கு வந்தவர் உப்பின இடத்தை மட்டும் தட்டி உதிர்த்துவிட்டு, கம்பியைத் தேய்க்காமலே சாந்தை அப்பி, மட்டம் பண்ணிப் பெயின்டும் அடித்திருக்கிறார். துரு ஏறிய இரும்பு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். எந்த சிமென்ட் போட்டாலும் நெட்டித் தள்ளிவிடும். இங்கே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்பு. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் துருவை ஆராய மண்டபத்தில்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் துருவின் மேலேயே பூசிவிட்டுப் போக எப்படி மனசு வந்ததோ.

ஆனால் மாப்ளே, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு அவரிடம் நான்தான், “வாடகைக்கு விடுற வீடுதான், ரொம்ப இழுக்க வேண்டாம்” என்றேன். ஏணியில் ஏறிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கூரைக்கு அடியில் நான் படுக்கப் போவதில்லை, அவரும் படுக்கப் போவதில்லை. படுக்கிறவர்களை யாரும் கேட்கவும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இந்த முறை பெரியபட்டினத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்டார். போர் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “இதுல கலக்கிறதா இருந்தா நான் வரலை அண்ணே” என்றார். ஆறு டிரம் நல்ல தண்ணீர் வாங்கிப் போட்டேன். மணலையும் அப்படியே நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் உளியெடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவுக்குக் கொத்தினார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு கம்பி பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதை ஒட்டிப் புதுக்கம்பி கட்டினார். துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை இரண்டு தடவையாக ஏற்றினார். ஏழு நாளும் காலையும் மாலையும் நானே போய்த் தண்ணீர் அடித்தேன். மொத்தம் 41,000.

அப்பா காலத்து ஓட்டு வீடு ஞாபகம் இருக்கிறதா? பவளக்கல்லும் சுண்ணாம்பும். சுவருக்குள் இரும்பே கிடையாது, அதனால் வெடிக்கவும் ஒன்றுமில்லை. இனி அப்படிக் கட்ட முடியாது, பவளப்பாறையை எடுக்கத் தடை. இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பாத்ரூம் செலவில் பாதியைக் குடியிருப்பவரிடம் கேட்கலாமா என்று கேட்டிருந்தாய். கேட்காதே. 2017-ல் போட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் நம் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது அவர்கள் பாடு. சட்டத்தை விடு, அந்த டைல்ஸை அவர் உடைக்கவில்லையே.

நேரில் போ. ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார். பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை நிறையவில்லை, நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்று. மூலையில் தேங்கினால், தண்ணீர் ஓடுகிற வாட்டம் இல்லை என்று அர்த்தம். அந்த டைல்ஸ்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார். சத்தத்தை அவரும் கேட்கட்டும். மறுபடி செய்யச் சொன்னால், முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதே. குடியிருப்பவர் “சரியாயிருச்சு” என்று சொன்ன பிறகு மீதியைக் கொடு.

இங்கே தங்கச்சி தொட்டிலை இன்னும் முன் அறையில்தான் கட்டியிருக்கிறது. “ஐப்பசி மழை ஒண்ணு பெய்யட்டும் அண்ணே, அப்புறம் உள்ளே மாத்துறேன்” என்றது. கொத்தனாருக்கு இன்னும் 6,000 பாக்கி. மழை முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்