ஓரத்தில் கிடந்த சிவப்புப் புள்ளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் புரோகுளோரோகாக்கஸ் என்ற கடல் நுண்ணுயிரி பற்றியும், அதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி சாலி சிஸ்ஹோம் பற்றியும் வந்த கட்டுரையைப் படித்தேன். கிருமி என்றாலே காய்ச்சல் என்று எழுதிப் பழகிய பக்கத்தில் இப்படி ஒன்று வந்ததே பெரிது. ஆனால் 'நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை எண்ணியே பணிக்காலத்தின் பின்பாதியைக் கழித்தவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்த உயிரியைக் காட்டிக்கொடுத்தது ஃப்ளோ சைட்டோமீட்டர். ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக வரிசையில் ஓடவிட்டு, லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியையும் ஒளிரும் நிறத்தையும் அளக்கிற கருவி அது. நாங்கள் அணுவுக்குச் சாயம் ஏற்றித்தான் பார்ப்போம். கடல் உயிரிக்கு அந்த வேலை இல்லை. அதன் பச்சையமே லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிரும். திரையில் ஒவ்வோர் அணுவும் ஒரு புள்ளி. இடது கீழ்மூலையில் எப்போதும் பொடிப் புள்ளிகள் மொய்க்கும்: உடைந்த அணுத் துணுக்குகள், கருவியின் மின்னணு இரைச்சல். நாங்கள் அதைக் குப்பை என்போம். கோடு கிழித்து ஒதுக்கிவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவோம். நோயாளிக்கு முடிவு எழுத அதுவே சரியான முறை.

1980களின் நடுவில் சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் இந்தக் கருவியை ஆய்வுக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் எண்ணப் போனது சினெகோகாக்கஸ் என்ற, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் வேறோர் உயிரியை. இரைச்சலை ஒட்டி மங்கலான சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன. முதலில் இரைச்சல் என்றே நினைத்தார்கள். ஆனால் ஆழத்தில் எடுத்த நீரில் அதே புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. கருவியின் இரைச்சலுக்குக் கடலின் ஆழம் எப்படித் தெரியும்? வெளிச்சம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவும் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் அந்தப் பளிச்சிடல். 1988இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் மிகச் சிறியதும் எண்ணிக்கையில் மிகுந்ததும் இதுதான். குறுக்களவு 0.6 மைக்ரோமீட்டர் அளவில். ரத்தச் சிவப்பணுவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

மரபணு ஆய்வை நீங்கள் தொடவே இல்லை. எனக்கு அதுதான் கதையின் உச்சம். 2003இல் இரு வகைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டார்கள். வெளிச்சமுள்ள மேல்மட்டத்து வகைக்கு ஏறத்தாழ 16.6 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், 1,700 மரபணுக்கள். மங்கிய ஒளியில் வாழும் வகைக்கு 24 லட்சம் எழுத்துகள். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. 2014இல் பெர்முடாவுக்கு அருகே எடுத்த கடல்நீரில் ஒவ்வோர் அணுவாகப் பிரித்துப் படித்தபோது, ஒரே இடத்து நீரில் நூற்றுக்கணக்கான கிளைக்கூட்டங்கள் கலந்து வாழ்வது தெரிந்தது. அவை குறைந்தது சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. அணுக்களைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்ததும் இதே இனத்துக் கருவிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் கர்வம் உண்டு.

இன்னொன்று. 'நாம் இழுக்கும் ஐந்து மூச்சில் ஒன்று இதன் கொடை' என்று பெட்டிச் செய்தியில் போட்டிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிவைப்பார்கள், திருத்திவிடுங்கள். இது உண்டாக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடலில் வாழும் மற்ற உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. காற்றில் உள்ள இருப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்தது. இந்த உயிரி நாளையே மறைந்தாலும் நமக்கு மூச்சுத் திணறாது. அடிபடுவது சத்துக் குறைந்த நடுக்கடலின் உணவு வரத்துதான். அந்த நீரில் சூரிய ஒளியை இரையாக மாற்றும் முக்கிய உயிரி இதுவே.

கட்டுரையோடு பவளப்பாறையும் வண்ண மீன்களும் உள்ள படம் வந்திருந்தது. திருத்தம் வெளியிடும்போது அதற்குப் பதில் ஒரு சைட்டோமீட்டர் திரையின் படத்தைப் போடுங்கள், இடது கீழ்மூலையை வெட்டாமல்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், மதுரை