டிமீட்டரை வில்லியாக்காதீர்கள்: ஹேடிஸ் கதை எழுதும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கங்களில் இருந்துகொண்டு ஹேடிஸ் கதையும் பெர்செபனி கதையும் எழுதுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கிரேக்கப் புராணத்தில் ஹேடிஸ் பாதாளத்து அரசன், அவன் தூக்கிக்கொண்டு போன பிள்ளை பெர்செபனி, அவளுடைய அம்மாதான் பயிர்களின் தெய்வம் டிமீட்டர். பலர் ஃபோனிலேயே எழுதுகிறீர்கள். ஒருத்தி மட்டும் ஒரு தடித்த சீஆர் கொப்பி முழுக்க நீல மையில் எழுதி, பிரவுண் தாளில் உறை போட்டு, போன பள்ளி விடுமுறையில் என் கையில் கொண்டுவந்து தந்தாள். தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் நான். அந்தக் கொப்பியை இரண்டு இரவில் வாசித்து முடித்தேன்.

அவளுடைய பாதாளம் எங்கே இருக்கிறது தெரியுமா? மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாதான் அவளுக்கு இறந்தவர்களின் நகரம். வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்டுமே, அந்த வழியாக ஹேடிஸ் மேலே ஏறி வருகிறான். ஈரச் சேறு ஒட்டிய படியில் அவன் கால் வைக்கும் அந்த ஒரு பக்கத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். கிரேக்கத்தில் நடந்த கதையை இப்படி நம் தண்ணீருக்குள் இறக்கி வைக்க ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையால் முடிந்திருக்கிறது என்று நினைத்தபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

அதனால் எழுதாதீர்கள் என்று சொல்ல வந்தவள் இல்லை நான். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்குக் கதையா இல்லை, கிரேக்கன் கதை எதற்கு என்கிறார்கள். வயதுக்கு வந்த பிள்ளை இருட்டையும் காதலையும் சேர்த்து எழுதலாமா என்கிறார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிற மண்ணில் நின்றுகொண்டு அதைக் கேட்கலாமா? ரதியின் கண் முன்னாலேயே கட்டிய புருஷன் காமன் சாம்பலாகிறான். தப்பு மேளச் சத்தம் ஓய்ந்த பிறகு, ரதி வேஷம் கட்டிய ஆள் பொட்டலின் நடுவில் உட்கார்ந்து புலம்பத் தொடங்குவார். எங்கள் தோட்டத்தில் அதைக் கேட்டு முந்தானையால் கண் துடைக்காத பெண்ணை நான் கண்டதில்லை. காதல், சாவு, தெய்வத்தின் கோபம் மூன்றும் ஒரே இரவில், ஒரே பொட்டலில்.

சொல்லப்போனால் ஹேடிஸ் கதையிலும் ஒரு காமன் இருக்கிறான். சுமார் 2000 வருடங்களுக்கு முன் இருந்த ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், காதல் தெய்வம் வீனஸ் தன் மகன் கியூபிட்டைக் கூப்பிட்டு, வானமும் கடலும் நமக்கு அடங்கிவிட்டன, பாதாளம் மட்டும் ஏன் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்டு அம்பு விடச் சொல்கிறாள். நம் கதையில் சிவன் மீது அம்பு விட்டவன் எரிந்து போனான். அங்கே விட்டவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூப் பறித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சரி, என் குறைக்கு வருகிறேன். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. உங்கள் கதைகளில் அம்மாவை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

நான் வாசித்த வரையில் டிமீட்டர் எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறாள். மகளைப் பூட்டி வைக்கிறவள். அவளுடைய சந்தோஷத்தைப் பொறுக்காதவள். கத்துகிறவள். ஹேடிஸ் வந்து கதவைத் திறந்துவிடுகிற மாதிரியும், அம்மாதான் சிறை மாதிரியும். இங்கிலீஷில் வரும் புது நாவல்கள் பலவற்றிலும் இப்படித்தான் என்பதால் நீங்களும் அந்த வழியிலேயே போகிறீர்கள். அந்தக் கொப்பியிலும் பதினான்காம் அத்தியாயத்தில் அம்மா பாதாளத்து வாசலுக்கு வருகிறாள், சாபம் விடுகிறாள், கதவு சாத்தப்படுகிறது. இரண்டே பக்கம்.

இந்தக் கதையின் பழைய வடிவம் ஹோமர் பெயரில் வழங்கும் ஒரு துதிப்பாடலில் இருக்கிறது. 2500 வருடங்களுக்கும் மேல் பழையது, ஏறக்குறைய 500 அடி. அதன் ஒரே கையெழுத்துப் பிரதி 1777இல் மொஸ்கோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பாட்டைத் தொடங்கும்போதே பாடுகிறவர் முதலில் பெயர் சொல்வது டிமீட்டரைத்தான். மகளைக் கொண்டுபோக, தெய்வங்களின் அரசரான அப்பா சியுஸ் சம்மதம் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை ஏமாற்றுவதற்கென்றே நூறு தலையோடு ஒரு நார்சிசஸ் பூவைப் பூமி முளைக்க வைக்கிறது. அவள் கை நீட்டும்போது நிலம் பிளக்கிறது. அவள் கத்திய கத்தலைக் குகைக்குள் இருந்த ஹெகட்டி என்ற பெண் தெய்வமும், மேலே போய்க்கொண்டிருந்த சூரியன் ஹீலியோஸும் கேட்டார்கள்.

அம்மா முக்காட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்பது நாள் தேடுகிறாள். இரண்டு கையிலும் பந்தம். சாப்பாடு இல்லை, குளியல் இல்லை. கடைசியில் சூரியனிடம் போய்க் கேட்டால் அவன் நடந்ததைச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையாக ஹேடிஸ் ஒன்றும் குறைந்தவன் இல்லை, உன் கூடப்பிறந்தவன்தானே என்று ஆறுதல் சொல்கிறான். தாய்மாமன்! இந்த வரியை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சொந்தந்தானே, தாய்மாமன்தானே என்று சொல்லியே எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம் நாம்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில், தெரிந்த ஆள் ஒருவர் வந்து அக்காவைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா சரி என்று சொல்லியிருந்தார். முன்பணமும் வாங்கியிருந்தார். அக்கா வரமாட்டேன் என்று அழுதது அடுத்த காம்பிராவில் இருந்த பாட்டிக்குக் கேட்டிருக்கிறது. அந்தியில் அம்மா கூடையோடு வந்தபோது அந்தப் பாட்டிதான் சொன்னார். அம்மா கூடையை இறக்கவே இல்லை, அப்படியே நின்றார். பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான்: நல்ல வீடுதானே, நல்ல சாப்பாடு கிடைக்கும், நல்ல உடுப்பு கிடைக்கும்.

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. அடுப்பும் மூட்டவில்லை. பேர், அதாவது அன்றைய நாள் கூலி, போனால் போகட்டும் என்றார். தலைவர் வந்து பேசினார், பெரியவர்கள் வந்து பேசினார்கள். பிள்ளை வந்தால் உலை வைக்கிறேன் என்பதைத் தவிர அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், விலாசம் இருந்த துண்டை அப்பா எடுத்துக் கொடுத்தார். விடிவதற்கு முன்னால் பந்தம் கொளுத்திக்கொண்டு அம்மா மலையிறங்கி ஹட்டன் ஸ்டேஷனுக்கு நடந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வளைவுக்கு வளைவு அந்த வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது. அந்தத் தடவை அந்த வீட்டில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். அம்மா நான்கு தடவை போனார். நான்கு மாதம் கழித்துத்தான் அக்கா வந்தாள்.

டிமீட்டர் செய்ததும் இதைத்தான். அவள் வேலையை நிறுத்தினாள். விதை மண்ணுக்குள்ளேயே கிடந்தது, ஏர் உழுதும் பயனில்லை, உலகம் பட்டினி. தெய்வங்கள் ஒவ்வொருவராகப் பரிசோடு வந்து கெஞ்சினார்கள். மகளைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு தானியமும் முளைக்காது என்று விட்டாள். கடைசியில் சியுஸ்தான் இறங்கி வந்து, கூட்டிவரத் தூதன் ஹெர்மிஸை அனுப்பினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி சுடப்பட்டுச் செத்த மலை இது. கையில் வேறு ஒன்றும் இல்லாதவர்கள் வேலையை நிறுத்துவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒருத்தியை நம் பிள்ளைகளே வில்லி ஆக்கினால் எனக்கு வலிக்காதா?

மகள் திரும்பி வந்ததும் டிமீட்டர் கட்டிப்பிடிக்கிறாள். உடனே கேட்கிற முதல் கேள்வி: மகளே, கீழே இருந்தபோது ஏதாவது சாப்பிட்டாயா? பாதாளத்தில் எதையாவது தின்றிருந்தால் அங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. ஆனால் எனக்குக் கேட்டது எங்கள் அம்மாவின் குரல். அக்கா வாசற்படி ஏறியதும் அம்மா கேட்டதும் அதே கேள்விதான்: சாப்பிட்டியா?

அப்புறம் உங்களுக்கென்றே அந்தப் பாட்டில் ஓர் இடம் இருக்கிறது. ஹேடிஸ் மாதுளை முத்தைக் கள்ளமாகக் கொடுத்தான் என்று பாடுகிறவர் சொல்கிறார். மகளோ அம்மாவிடம், என்னைக் கட்டாயப்படுத்தித் தின்ன வைத்தான் என்கிறாள். இரண்டும் முழுக்க ஒன்றில்லை. அம்மாவிடம் சொன்னதற்கும் நடந்ததற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. உங்கள் காதல் கதைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் முளைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அது உங்களுக்கு உரிமையான இடம். எங்கள் அக்காவும் அம்மாவிடம் அந்த வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அடிபட்டிருக்கிறாள், நல்லது சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் ஒரு இரவு, ஒரே கம்பளிக்குள் படுத்திருந்தபோது, மேல் மாடி ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று என் காதுக்குள் சொன்னாள். இன்னொரு தடவை அந்தக் கடலைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்றாள். லயத்தை விட்டு எங்கேயாவது போக வேண்டும் என்ற ஆசை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஹேடிஸின் தேர் ஏன் உங்களுக்கு அழகாகத் தெரிகிறது என்பதும் எனக்கு விளங்குகிறது, பிள்ளைகளே.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். ஹேடிஸை எழுதுங்கள், அவன் கறுப்பு அங்கியையும் குளிர்ந்த கையையும் எழுதுங்கள். அவள் அவனை விரும்புவதாக எழுதினால், எந்த இடத்தில் அவள் தன் வாயால் சரி என்று சொன்னாள் என்பதையும் எழுதுங்கள். அவள் கத்தியதைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டாம். அந்த ஒன்பது நாளையும் எழுதுங்கள். உங்களில் எத்தனை பேரின் அம்மா குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களைத் தேடிக் காத்திருக்கும் மகளை நீங்கள் எழுதலாம். உங்களை விட வேறு யாரால் அதை எழுத முடியும்?

கொப்பி தந்த மகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உன் கொப்பி பத்திரமாக இருக்கிறது. கதை கடைசித் தாள்வரை நிறைந்துவிட்டதால், பதினான்காம் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒன்பது வெள்ளைத் தாள் வைத்துத் தைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்