‘செட்’ மாத்திரையை நிறுத்துங்கள்: சேலம், ஏற்காடு மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே, வணக்கம்.

உங்களைப் போன்ற ஒருவரின் கடையில் வேலை பார்க்கும் பார்மசிஸ்ட் நான். ‘காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க’ என்று வருகிறவருக்கு, நாலு அட்டையிலிருந்து கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறோமே, அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கவருக்குள் என்ன போகிறது என்று நமக்குத் தெரியும். ஒரு பாராசிட்டமால், வலிக்கு ஒரு டைக்ளோஃபினாக், ஆன்டிபயாடிக்காக ஒரு செஃபிக்சிம், கூடவே குட்டியாக டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒன்று. பாராசிட்டமால் நீங்கலாக மற்ற மூன்றையும் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. செஃபிக்சிம், கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. 2014 மார்ச் முதல் அதை விற்றால் டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கவரில் போவது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

எனக்குப் பெரிய பயம் அந்த ஸ்டீராய்டுதான். காய்ச்சலும் வலியும் ஒரே ராத்திரியில் அடங்கிவிடும். ஆள் காலையில் எழுந்து காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். ‘அந்தக் கடை மாத்திரைதான் கேட்குது’ என்று நமக்குப் பேர் கிடைப்பதும் அதனால்தான். உள்ளே நோய் அப்படியே இருக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறும், அவர் நம்மிடம் அதைச் சொல்லியிருக்கவும் மாட்டார், நாமும் கேட்டிருக்க மாட்டோம். வந்தது டெங்கு என்றால் டைக்ளோஃபினாக் ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். மழைக்காலத்துக் காய்ச்சலைப் பார்த்து இது டெங்கு, இது இல்லை என்று கவுண்டரில் நின்றபடி யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ‘என்ன மாத்திரை சாப்பிட்டார்?’ என்று டாக்டர் கேட்டால் வீட்டுக்காரம்மா என்ன சொல்வார்? வெள்ளையா, உருண்டையா, சின்னதா. கத்தரித்த துண்டில் பெயர் இல்லை, எக்ஸ்பயரி இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. 2025 அக்டோபரில் நம் மாநிலத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48 சதவீதத்துக்கும் மேல் இருந்தது தெரியவந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் செத்துப்போனார்கள். கெட்ட சரக்கைத் தேடிப் பிடித்துத் திரும்ப எடுக்கக் கையில் இருக்கும் ஒரே பிடி பேட்ச் நம்பர். அதைத்தான் நாம் தினமும் கத்தரித்துக் குப்பையில் போடுகிறோம்.

கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஏற்காடு மலையில் மாரமங்கலத்திலிருந்தோ செம்மநத்தத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து டாக்டருக்குக் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்தபோது மேலே இருந்தவர்கள் எப்படித் தவித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. பாராசிட்டமால் முழு அட்டையாகக் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், எத்தனை நாள் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம்.

ஆனால் அதைச் சொல்லக் கடையில் ஆள் வேண்டும். சீட்டு மருந்தைப் பார்மசிஸ்ட்டின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பல கடைகளில் பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் மட்டும் சுவரில் வாடகைக்குத் தொங்குகிறது. கவுண்டரில் பத்தாவது முடித்த தம்பி நிற்கிறான். கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

‘நான் கொடுக்கலேன்னா பக்கத்துக் கடையில வாங்கிப்பாங்க’ என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு தேதி குறியுங்கள். அன்று முதல் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு மலையில் நாகலூர் வரை எந்தக் கடையிலும் செட் கிடையாது என்று ஒரே மாதிரி போர்டு மாட்டுங்கள். கோபப்படும் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லும் வேலையை எங்களைப் போன்ற பார்மசிஸ்ட்டுகளிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கவுண்டரில் நிற்கும் ஒரு பார்மசிஸ்ட்