சாமி குத்தம் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும்

தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர்கள் 39 பேருக்கும் வணக்கம்.

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையைப் பற்றி நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களில் சிலர் அவையிலேயே கேட்டிருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய் ரயில்கள் மறுபடியும் கூட்டம் பிதுங்க ஓடுகின்றன. சலுகை மட்டும் வரவில்லை. அதைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு 72 வயது. பஞ்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தேன், சங்கத்தில் கொடி பிடித்தேன். சாமி கும்பிடுவதில்லை. 1904-இல் பெரியார் காசிக்குப் போய், அன்னசத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டுப் பசியோடு நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் மனைவிக்கு 68. அவள் செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் வாயில் பச்சைத் தண்ணீர் விடமாட்டாள். அவள் வழியில் நான் குறுக்கே நின்றதில்லை, என் வழியில் அவளும் நின்றதில்லை.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கிறது. உள்ளே ஒரு கைப்பிடி மணல். இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் அவளே குனிந்து அள்ளியது. அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். அப்போதுதான் காசி யாத்திரை முடிந்ததாகக் கணக்காம். மணல் அள்ளி மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் டிக்கெட் எடுக்கக் கிளம்பினோம். ஸ்லீப்பர்தான், ஏசி எல்லாம் நினைக்கவில்லை. கவுண்டரில் தொகையைச் சொன்னதும் அவள் சுருக்குப்பையைப் பிரித்து எண்ணினாள். மறுபடி ஒருமுறை எண்ணினாள். டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டால் அங்கே தங்கவும் சாப்பிடவும் கையில் ஒன்றும் மிஞ்சாது. பின்னால் வரிசையில் நின்ற பையன் பெருமூச்சு விட்டான். "அப்புறம் பார்த்துக்கலாம், வாங்க" என்று பையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பழைய சலுகை இருந்திருந்தால் எனக்கு 40 சதவீதம், அவளுக்கு 50 சதவீதம் குறைந்திருக்கும். இருவருக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்கு 55 ரூபாய் கொடுத்தால் போதும். நாங்கள் போய் வந்திருப்போம்.

அன்று ராத்திரி அவள் கேட்டாள்: "உங்களுக்கு நம்பிக்கை இல்லாததாலதான் இந்தத் தடை வருதோ?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். ஐம்பது வருடத்தில் அவள் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. இது சாமி குத்தம் இல்லை, டெல்லியில் போட்ட ஓர் உத்தரவு என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பேன்? அதற்குத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்டால், ஒவ்வொரு பயணிக்கும் ஆகும் செலவில் சராசரியாக 45 சதவீதம் போல மானியம் கொடுக்கிறோமே என்கிறார்கள் ரயில்வேக்காரர்கள். சரி. ஆனால் அது சம்பாதிக்கிற வயதில் இருப்பவருக்கும் கிடைப்பதுதானே? சம்பாத்தியம் நின்றுபோனவர்களுக்குத் தனியாகக் கொடுத்ததைத்தான் நாங்கள் கேட்கிறோம். 2022-இல் ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திரும்பக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள் என்று சொன்னது. உங்கள் அவையின் குழு சொன்னதையே கேட்காதபோது எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

மாநில அறநிலையத்துறை இராமேசுவரம், காசிக்கு அழைத்துப்போகும் பயணம் நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு 70 வயது வரைதான். நான் தாண்டிவிட்டேன். என்னை விட்டுவிட்டு அவள் தனியாகப் போகமாட்டாள்.

உங்களுக்குப் பதவிக்காலம் முடிந்த பிறகும் ஏசி வகுப்பில் இலவசப் பயணம் உண்டு. மக்கள் வேலைக்காக அலைந்தவர்களுக்கு அது இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. நாங்களும் நூல் நூற்றோம், நெய்தோம், வண்டி ஓட்டினோம், வயல் வேலை செய்தோம். பி.எஃப். ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அதற்குப் பிறகு அரிசி, மருந்து, பஸ் கட்டணம் என்று எல்லாம் ஏறிவிட்டன, அந்த ஆயிரம் அப்படியே இருக்கிறது. வயதானவன் என்றால் வீட்டுத் திண்ணையில் கிடக்க வேண்டியவன் என்று முடிவு கட்டிவிட்டார்களா? மகளைப் பார்க்கப் போக வேண்டாமா? சொந்தத்தில் ஒரு சாவு என்றால் போக வேண்டாமா? சாகுமுன் கங்கையை ஒருமுறை பார்க்க வேண்டாமா?

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். எல்லா வகுப்பிலும் வேண்டாம், ஸ்லீப்பரில் மட்டுமாவது அந்தச் சலுகையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்சி பார்க்காமல் 39 பேரும் ஒரே நாளில் எழுந்து கேளுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே கேளுங்கள், தயவுசெய்து. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துகொண்டு வருகிறது. கங்கையின் படிகளில் இறங்க இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி ஒருவன்,
விருதுநகர் மாவட்டம்