விடுபட்ட வரி

வட்டுக்கோட்டை,
லெந்து காலம், இரண்டாம் வாரம்.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது.

போன சனிக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு பேச்சு எனக்கு மனசில் கிடந்து உருள்கிறது. உயிர்ப்பு ஞாயிறுக்கு நம்முடைய கோயிலில் பிரசங்கம் செய்யச் சொல்லி ஐயர் உன்னைக் கேட்டிருக்கிறார். சந்தோஷம். மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுக்கப் போகிறாய், அதுவும் சரி. ஆனால், ‘சுவடி விஷயம் ஒன்றும் அங்கே கதைக்க மாட்டேன் அப்பா, சனம் குழம்பிப் போகும்’ என்றாய். நான் வாயைத் திறக்க முதல் அம்மா போனை வாங்கிவிட்டார். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

சனம் குழம்பாது, பிள்ளை.

நத்தாருக்கு வந்தபோது விறாந்தையில் உன் கிரேக்கப் புத்தகத்தை விரித்துக் காட்டினாய். பக்கத்தின் மேலே வேத வசனம்; அடியில் பொடி எழுத்தில், கையால் படி எடுத்த பழைய சுவடிகளில் எதில் எந்தச் சொல் இருக்கிறது என்ற குறிப்புகள். சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இரண்டிலும் மாற்கு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது, மிச்சப் பன்னிரண்டு வசனமும் பிறகு சேர்ந்தது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு என்று சொன்னாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். அப்பாவின் விசுவாசத்தில் கை வைத்துவிட்டோமோ என்று நீ பயந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு அது பெரிய புதினமாக இருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அச்சுக்கோத்தவன் நான்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1993ஆம் ஆண்டு. கரண்ட் இல்லை, தாள் இல்லை. கொப்பித்தாளில் கோடு தெரியத் தெரிய அச்சடித்த காலம். ஒரு தாயாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என் கைக்கு வந்தது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கோத்தேன். அச்சுக்கோக்கிறவனுக்கு எழுத்தைத் தேட வேண்டியதில்லை, எந்தக் குழியில் எது கிடக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். இரண்டு மூன்று சொல்லைப் பார்த்து மனசில் எடுத்துக்கொண்டு, கையிலுள்ள சட்டத்தில் அடுக்கிவிட்டு, கண் திரும்பப் பிரதிக்குப் போகும். பிழை நடப்பது அந்தத் திரும்பிப் போகிற நேரத்தில்தான். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி ‘(கனடா)’ என்று முடிந்தது. அதற்கு இரண்டு வரி தள்ளி இன்னொன்றும் ‘(கனடா)’ என்று முடிந்தது. என் கண் முதலாவதை விட்டு வந்து இரண்டாவதில் போய் இறங்கிவிட்டது. இடையில் இருந்த பெயர் போய்விட்டது. வாக்கியத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. புறூவ் பார்த்தவருக்கும் பிடிபடவில்லை.

விடுபட்டது ஊரிலேயே நின்று அந்தத் தாயைக் கடைசி வரை பார்த்த மகளின் பெயர்.

அவர் அச்சகத்துக்கு வந்து ஏசவில்லை. வாங்கில் இருந்து மலரைத் திறந்து, பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்து, ‘இதில நான் எங்க அண்ணை?’ என்று கேட்டார். அதன் பிறகு எந்தப் பிரதியைக் கோத்தாலும் ஒரே சொல்லில் முடிகிற இரண்டு வரிகளைக் கண்டால் என் கை நின்றுவிடும்.

அதனால்தான் யோவானின் முதலாம் நிருபம் 2ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தை நீ காட்டியபோது எனக்கு உடனே விளங்கியது. கிரேக்கத்தில் அந்த வசனத்தின் இரண்டு பாதியும் ‘பிதாவை உடையவன்’ என்ற அதே சொற்களில் முடிகின்றன என்றாய். பிற்காலத்துச் சுவடிகள் ஏராளமானவற்றில் இரண்டாம் பாதியே இல்லை. படி எடுத்த எவனோ ஒருவன், கை விறைத்த ஒரு இரவில், என்னைப் போலக் கண் தாவிப் போயிருக்கிறான். அவனை எனக்குத் தெரியும் போல இருந்தது.

ஒரே இடம் சுவடிக்குச் சுவடி வேறுபட்டால், விளங்கக் கடினமான பாடமே மூலத்துக்குக் கிட்டியது என்று உங்கள் வகுப்பில் ஒரு விதி இருப்பதாகவும் சொன்னாய். அதுவும் அச்சகத்தில் தினம் கண்டதுதான். பண்டிதர் ஒருவர் அருமையான பழஞ்சொல் ஒன்றை எழுதித் தருவார். இளம் பொடியன் அதைப் பிழையென்று நினைத்துத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கோத்துவிடுவான். தெரிந்த சொல்லைத் தெரியாத சொல்லாக மாற்றியவனை நான் ஒரு நாளும் காணவில்லை. மாற்கு சுவிசேஷத்திலும் அப்படித்தானே? ‘அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற் போனார்கள்’ என்று ஒரு நற்செய்தி முடிந்தால், படி எடுக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து ஓடுவதோடு கதையை விட அவனுக்கு மனம் வந்திராது. எனக்கோ அந்த முடிவுதான் இப்போது நெஞ்சைத் தொடுகிறது. 95இல் சண்டைக்குள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது நாங்களும் அப்படித்தான் ஒன்றும் பேசாமல் செம்மணிப் பக்கம் நடந்தோம்.

இப்போது நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தப் பன்னிரண்டு வசனத்துக்குள்தான் ‘சர்ப்பங்களை எடுப்பார்கள்’ என்பதும், ‘வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்’ என்பதும் இருக்கின்றன. நம்முடைய ஒழுங்கையில் ஒரு அக்கா, சீனி வருத்தம், ஒரு செபக் கூட்டத்தில் அந்த வசனத்தைக் கேட்டுவிட்டுக் குளிசையை நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்த பிறகுதான் திரும்ப மருந்துக்குப் போனார். நீ படித்ததை யாராவது அவருக்கு அன்பாக, தமிழில், முதலே சொல்லியிருக்கலாம். ஐயர்மாருக்கு இது தெரியாததல்ல. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் உனக்குப் படிப்பித்ததைத்தான் அவர்களுக்கும் படிப்பித்தார்கள். ஊருக்கு வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சனம் தாங்காது என்று நினைக்கிறார்கள். இதில் எனக்கு மெத்த மனவருத்தம்.

நாங்கள் எதைத் தாங்கவில்லை? உன் அம்மாவின் ஊர் பாஷையூர், கத்தோலிக்கச் சனம். அம்மம்மா சாகும்வரை ‘சர்வேசுரன்’ என்றுதான் செபித்தார். என் அப்பாவுக்குத் ‘தேவன்’. பழைய கீர்த்தனைகளில் ‘பராபரன்’. அம்மா வைத்திருக்கிற 1995ஆம் ஆண்டு பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’. நீ அந்த நாலு பெயருக்கும் நடுவில்தான் வளர்ந்தாய். ஒரு இரவாவது செபிக்க முடியாமல் குழம்பினாயா?

இந்த மண்ணுக்கு வேதத்தின் சொற்களை வைத்து வாதாடுவது பழகின விஷயம். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். சைவத்தை விடாத மனிசன், பிறகு மிஷனரிமாரை எதிர்த்தே எழுதினார். ஆனாலும் அந்த வேலையில் பங்கெடுத்தார். 1850இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பை இந்தியச் சபைகள் ஏற்கவில்லை. 1871இல் வந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்புத்தான் நிலைத்தது. இந்தக் கதையை எல்லாம் தென்னிந்தியத் திருச்சபையின் நம்முடைய யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன் தமிழிலேயே எழுதி வைத்தார். உலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர், ஊருக்குத் தமிழில் எழுதினார். அது சும்மா செய்த வேலையில்லை.

உன் முதுமாணி ஆய்வை ஆங்கிலத்தில் எழுது. பரீட்சகர்களுக்கு அது வேண்டும். அதோடு நாற்பது பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிரதியும் எழுது. கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போடு. ‘பாட வேறுபாடு’ என்று எழுது, எங்கள் சங்க நூல் பதிப்புகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த சொல்தான். பிரசங்கத்தில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. 8ஆம் வசனத்தை வாசித்து, மிகப் பழைய இரண்டு சுவடிகளில் மாற்கு இந்த இடத்தில் முடிகிறது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நில். அப்புறம் உனக்கு ஆண்டவர் தருவதைச் சொல். எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முன் வாங்கில் அந்த அக்காவும் இருப்பார்.

இன்னொன்று. படிக்கப் படிக்கச் செபம் வறண்டு போகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா அதற்காக அழுதார், நான் அழவில்லை. 96இல் திரும்பி வந்தபோது அச்சகத் தரை முழுக்க ஈய எழுத்துக் கொட்டிக் கிடந்தது. ணகரம், னகரம், சுழி, கொம்பு எல்லாம் மண்ணோடு கலந்து. இரண்டு மாதம் சப்பாணி கட்டி இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, முகம் பார்த்து, அதனதன் குழியில் போட்டேன். அந்த இரண்டு மாதமும் ஒரு செபமும் என் வாயில் வரவில்லை. அந்த வேலை மட்டும்தான் இருந்தது. நீயும் இப்போது தரையில் இருந்து பொறுக்குகிற நேரம். பொறுக்கு.

பிரசங்கத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. கண் மங்கல்தான், ஆனாலும் புறூவ் பார்த்துத் தருவேன். மிளகாய்த்தூள் இடித்தாயிற்று. பெங்களூர்ப் பக்கம் வருகிற ஆள் கிடைத்தால் ஒடியல் மாவும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் நீ வரும்போது கூழ் காய்ச்சுவதாக அம்மா சொல்கிறார். எந்தத் திகதி வருகிறாய் என்று கெதியாய் எழுது.

அன்புள்ள,
அப்பா