எழுதிக் கொடுங்கள், திரும்பவும் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நெல்லைப் பக்கத்தில் ஓட்டல் சோதனை பற்றிய செய்தியும் படமும் பார்த்தேன். ஒரு வாளி சால்னாவைத் தரையில் கொட்டி அதன்மேல் பினாயில் ஊற்றுகிற படம், கடையின் பெயர்ப்பலகையும் அதில் தெளிவாகத் தெரிகிறது. கெட்டுப்போனதைக் கொட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் பேட்டையைத் தாண்டி 18 வருஷமாக ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். காலையில் இட்லி தோசை, மத்தியானம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா, மொத்தம் ஆறு டேபிள். சோதனையே கூடாது என்று பேசுகிறவள் இல்லை நான். என் கடை ஒழுங்கானதே ஒரு சோதனையால்தான், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பதினொன்றரை மணி. டிபன் முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போடாத நேரம். ஆய்வுக்கு வந்தவர் கல்லாப் பக்கம் நிற்காமல் நேரே சமையற்கட்டுக்குப் போய், சாம்பார் வாளிக்குள் கம்பி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை விட்டார். 46 டிகிரி காட்டியது. "எப்பம்மா இறக்குனது?" என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு இறக்கியது. மிச்சத்தை மத்தியானச் சாம்பாரோடு கலப்பதுதான் அப்போது எங்கள் வழக்கம், மறைக்காமல் சொன்னேன். "ஒண்ணு 60 டிகிரிக்கு மேல வைங்க, இல்லன்னா 5 டிகிரிக்குக் கீழ வைங்க. நடுவுல வச்சா கிருமிக்கு இலை போட்டுப் பரிமாறுற மாதிரி" என்றார். அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்தார். மசாலா தடவின கோழி மேல் தட்டில், தேங்காய்த் துருவல் அதற்கு நேர் கீழே. கோழியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எங்கே விழும் என்று கேட்டார், அவ்வளவுதான், எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தேங்காயைத்தானே அரைத்துச் சட்டினியாக வேகவைக்காமல் பரிமாறுகிறோம்.

அப்போதெல்லாம் ராத்திரி மிஞ்சின சோற்றை அடுப்படியிலேயே மூடி வைத்துக் காலையில் எலுமிச்சைச் சாதம் கிளறுவோம், சூடு பண்ணினால் எல்லாம் செத்துப்போகும் என்று நம்பிக்கொண்டு. அது தப்பு. அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து, சோறு கொதித்தாலும் சாகாது, வெளியே கிடக்கிற சோற்றில் ராத்திரி முழுக்கப் பெருகி நஞ்சைக் கக்கி வைக்கும், மறுபடி கிளறினாலும் அந்த நஞ்சு போகாது. எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும், வாந்தி வந்திருக்கும், அவர்கள் வேறு எதையோ சாப்பிட்டதால் என்று நினைத்திருப்பார்கள். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

தண்ணீருக்குத்தான் என் வீட்டுக்காரர் சண்டைக்கே போனார், தாமிரபரணித் தண்ணிக்கு என்னத்துக்கு டெஸ்ட் என்று. நெல்லைக்காரர்கள் யாரும் அப்படித்தான் கேட்போம். ஆனால் ஆற்றுத் தண்ணீர் நேரே டம்ளருக்கு வருவதில்லையே, குழாய் வழியாக வந்து நம் தொட்டியில் விழுந்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி வருகிறது. ஆய்வுக்கு வந்தவர் அவரையே மாடிக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சுற்றிலும் பாசி, ஓரத்தில் ஒரு செத்த பல்லி. அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

வந்தவர் போவதற்கு முன் ஒரு தாளில் தமிழில் 11 குறை எழுதினார், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்தார். பதினேழாம் நாள் திரும்ப வந்துவிட்டார். வரமாட்டார் என்று நினைத்து நாங்கள் இரண்டைச் செய்யாமல் விட்டிருந்தோம், அவர் வந்து நின்ற அன்றைக்கே அவற்றையும் முடித்தோம். இன்றைக்கும் என் கடையில் சாம்பார் வாளி வெந்நீர் அண்டாவுக்குள்தான் நிற்கிறது. மிச்சச் சாம்பார் மத்தியானத்துக்குப் போவதில்லை. கோழி கீழ்த்தட்டில், துருவல் மேல்தட்டில். மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவின தேதி சுவரில் எழுதியிருக்கிறது. வேலை பார்க்கிற ஐந்து பேருக்கும் வருஷா வருஷம் டாக்டர் சர்டிபிகேட், டைபாய்டு ஊசியும் போட்டாயிற்று. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு மாவு பிசையக் கூடாது என்று பரோட்டா மாஸ்டர் அண்ணாச்சியே இப்போது பையன்களுக்குச் சொல்கிறார்.

இனி அடுத்த சோதனையைச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் பிள்ளை இறந்துபோனாள், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கக் கடை கடையாகச் சோதனை நடந்தது. எங்கள் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்கு, ஆறு டேபிளும் நிறைந்திருக்கிற நேரத்தில் வந்தார்கள். ஃபிரிட்ஜில் இருந்த கோழி சாயங்காலம் நாலு மணிக்கு மசாலா தடவினது, ஆனால் டப்பாவில் தேதி ஒட்டவில்லை. ஒட்டாதது எங்கள் தப்புதான். அத்தனையையும் வாசலில் கொட்டி, செல்போனில் படம் பிடித்தார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் பாதி இலையில் எழுந்து போனார்கள். வேறு என்ன சரிசெய்ய வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஆபீசுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள். தொட்டியைப் பார்க்கவில்லை, சாம்பாரைத் தொடவில்லை, எண்ணெய்ச் சட்டிப் பக்கமே போகவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை யாரும் வரவும் இல்லை.

நஷ்டத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சோதனை வியாபாரிகளுக்கு ஒளித்து வைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறது. முதல் கடையில் ஜீப் நின்றவுடன் அடுத்த கடைக்கு போன் போகிறது, கலர் பொடி டப்பா பின்வாசல் வழியாகப் போகிறது, பாதிக் கடை ஷட்டரை இறக்கிவிடுகிறது. மறுநாள் அதே பொடி, அதே நேற்றைய எண்ணெய். சாப்பிட வருகிறவர்களுக்கு இதில் என்ன லாபம்?

சட்டமே வேறு மாதிரிதான் சொல்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவில் மேம்பாட்டு அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறது. என்ன குறை, எதைச் செய்தால் சரியாகும் என்று எழுதிக் கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும், அப்போதும் சரிசெய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். அதற்கும் மசியாதவர்களுடைய உரிமத்தை ரத்தே செய்யலாம், செய்யட்டும். வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவுச் சான்று வாங்கின எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. ஆன்லைனில் பதிவு செய்யக் கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்தோம், சான்றை ஃபிரேம் போட்டு மாட்டினோம், அதோடு சரி. எங்கள் சமையற்கட்டில் இப்போது வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரிப் படம் போட்ட ஒரு தாளாவது வந்தவர்கள் கையில் இருந்திருக்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அபராதம் விதித்த கடையின் படத்தைப் போடுகிறீர்கள், போடுங்கள், ஜனங்களுக்குத் தெரியத்தான் வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே கடைக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். திருந்தியிருந்தால் அதையும் அதே பக்கத்தில் போடுங்கள், திருந்தாவிட்டால் இன்னும் பெரிதாகப் போடுங்கள். அதிகாரிகள் திரும்ப வந்தார்களா என்றும் விசாரித்து எழுதுங்கள்.

என் கடைக்கும் வரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காலை பதினொன்றரைக்கு வந்தால் கூட்டம் இருக்காது, மாடித் தொட்டி வரைக்கும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சிற்றுணவகம் நடத்தும் ஒரு வாசகி,
திருநெல்வேலி
(பெயரை வெளியிட வேண்டாம்)