பழைய சிறு கார்களுக்கும் பந்தயத்தில் ஒரு பிரிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார்ப் பந்தயம் நடந்ததிலிருந்து, அது வேண்டுமா வேண்டாமா என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படித்துவருகிறேன். செலவு, சத்தம், போக்குவரத்து என்று எல்லாக் கோணமும் வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எஞ்சின் போரிங் பட்டறை (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெருக்கிச் சீர்செய்யும் இடம்) நடத்தும் எனக்கு மட்டும் ஒரு கோணம் விடுபட்டுப்போனதாகத் தோன்றுகிறது. பந்தயம் என்றால் கோடிக்கணக்கில் விலைபோகும் வண்டிகள்தான் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிது என்பதே அது.

சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், நான் பள்ளிக்கூடத்துப் பையனாக டி.எச். ரோட்டிலிருந்து பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளும் அங்கு ஓடின. ஆனால் கூட்டம் கைதட்டியது நம் தெருவில் டாக்சியாக ஓடிய அதே ஃபியட்டுக்கும், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும்தான். பக்கத்து எண்ணூரில் 1949இல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பாகம் பாகமாகப் பூட்டி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். திருவொற்றியூரில் ஐம்பதுகளிலிருந்து என்ஃபீல்டு வண்டிகள் தயாராயின. எஞ்சின் என்பது வடசென்னைக்காரனுக்கு வேற்றுப்பொருள் அன்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் அமைந்தது நல்லதே; பாதுகாப்பை நினைத்தால் சோழவரத்தை அதனோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் பந்தயம் தெற்கே போனபோது, சொந்தக் காரின் எஞ்சினைத் தானே இறக்கிச் சீர்செய்து ஓட்டிப் பார்க்கும் சாதாரண ஆளும் அதோடு மெல்ல மறைந்துபோனான்.

அந்த வேலை என்னவென்று இளைய வாசகர்கள் சிலர் அறியாதிருக்கலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பத்மினி என்று பிற்பாடு பெயர் மாறிய ஃபியட் 1100இன் எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 75. நான்கு சிலிண்டரும் சேர்ந்து 1089 சிசி. ஹெரால்டுக்கு விட்டம் 63, ஸ்ட்ரோக் 76, மொத்தம் 948 சிசி. இரண்டிலும் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை மூன்றே மூன்று மெயின் பேரிங்குகள். இந்த எஞ்சின்களைத் தொடும் எவரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இந்த மூன்றைத்தான். ஃபியட் எஞ்சின் தன் 40 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 4800 சுற்றில். அதை 6500 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும்போது, அதைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் அதன் போல்ட்டுகளையும் இழுக்கும் விசை சுற்றின் இருமடிக்கு ஏறுவதால், அது முன்பிருந்ததைப் போல 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. பழைய போல்ட்டையே திரும்பப் பூட்டிப் பந்தயத்துக்குப் போகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே பவர் ஏற்றுவதற்கு முன்னால் எஞ்சினைத் தாங்க வைக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் நகைக்கடைத் தராசில் நிறுத்து, இருப்பதிலேயே இலேசானதின் எடைக்கு மற்ற மூன்றையும் உள்பக்கம் சுரண்டிக் கொண்டுவருவோம். ராடுகளையும் அப்படியே. போரிங் முடித்து, சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கும் போட்ட பிறகு, பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டருக்குள் வைத்து, கோணாமல் இருக்கப் பிஸ்டனால் ஓர் அங்குலம் கீழே தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாயிடைவெளியில் ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அங்குல விட்டத்துக்கு 4 தவ் என்பது எங்கள் வாய்க்கணக்கு; தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபியட்டுக்கு அது 11 தவ், அதாவது 0.28 மில்லிமீட்டர் வரும். பந்தயத்தில் சூடு அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக விடுவது நல்லது. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு சுவரைக் கிழித்துவிடும். பெட்டியைப் பிரித்து ரிங்கை அப்படியே மாட்டுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் முழு எஞ்சினை இழக்கிறார்கள்.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதத்தை, ஏற்றுவதில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். ஃபியட்டின் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 272 சிசி. விகிதம் 8க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேல் இருக்கும் இடம் 39 சிசிக்குச் சற்றுக் குறைவு. 9க்கு 1 ஆக்க வேண்டுமானால் அது 34 ஆக வேண்டும். வித்தியாசம் 5 சிசி, ஒரு தேக்கரண்டி இருமல் மருந்து அளவு. அந்தத் தேக்கரண்டியை அளக்க, சிலிண்டர்களுக்கு மூடியாக உட்காரும் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி மூடி, மருந்துக்கடை சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு நான்கு அறைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்வோம். ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக வைக்கும் கேஸ்கட்டின் கனத்தையும் பிஸ்டன் தலையின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே, அடிப்பரப்பைச் சீவி இறக்கும் ஃபேஸிங்குக்கு ஹெட் போகும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் கண் அறுவைக்காகப் பட்டறையைப் பூட்டியிருந்த மாதத்தில், என் தங்கை மகன் தன் பத்மினியின் ஹெட்டை வேறொரு பட்டறையில் கொடுத்திருக்கிறான். அளவு ஏதும் எடுக்காமல், “ரேஸுக்குத்தானே, நல்லா இறக்கிட்டேன் தம்பி” என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஓடுதளத்தில் மூன்றாவது சுற்றில் வண்டி நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால் கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகிக் கிடந்தது. மூன்றாவது பிஸ்டனின் தலை, அம்மை வார்த்த முகம் போலக் குழிகுழியாக இருந்தது. மேல் ரிங் உட்காரும் கரை உடைந்து விரலோடு வந்தது. நாக்கிங், அதாவது கலவை கட்டுமீறி வெடித்துத் தட்டுவது, தின்ற எஞ்சின் அப்படித்தான் இருக்கும். “நான் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா மாப்பிள்ளை” என்று மட்டும் கேட்டேன். அவன் அதன் பிறகு தானே ஒரு சிரிஞ்சு வாங்கிக்கொண்டான்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோனது. ஹெரால்டின் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் ஈயத்தின் மெத்தை இல்லாமல் தேய்ந்து இறங்குவதால், அங்கே கடினமான சீட் வளையம் போட்டே தீர வேண்டும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. ஒரு பங்கு எரிபொருளுக்கு வேண்டிய காற்று, எடைக் கணக்கில், 14.7 பங்கிலிருந்து 13.5க்கு இறங்குகிறது, அதாவது அதே காற்றுக்கு ஒன்பது விழுக்காடு அளவுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். 1.20 மில்லிமீட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) இருந்த கார்புரேட்டரில் 1.25 போட வேண்டியிருக்கும் என்பது என் கணக்கு. பழைய ரப்பர் குழாய்களை மாற்றுவதும், பந்தயம் முடிந்த அன்றே கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவதும் கட்டாயம். எத்தனால் ஈரத்தை இழுத்துக் கிண்ணத்தை அரித்துவிடும்.

இந்தக் கைவேலை எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதே என் கவலை. 1978இல் நான் எடுபிடியாகச் சேர்ந்தபோது எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஆறு போரிங் பட்டறைகள் இருந்தன. இன்று இருப்பது என்னுடையது ஒன்றே. புதிய கார்களின் எஞ்சினை யாரும் போர் செய்வதில்லை, பெரும்பாலும் பிளாக்கும் பிஸ்டனும் பூட்டியே வரும் பாதி எஞ்சினாகவே வாங்கி மாற்றிவிடுகிறார்கள்; அதில் யாரையும் குறைசொல்ல முடியாது. மற்ற ஐந்து பட்டறைகளின் மெஷின்களும் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போயின. புதுப்பேட்டையில் தேடினால் ஃபியட்டின் பாகம் ஏதாவது இன்னும் கிடைத்துவிடும். அதை 1 தவ்வுக்குள் அளந்து பூட்டும் ஆளைத் தேடுவது அதைவிடக் கடினமாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்திருந்தாலும், அந்தப் பதிவில் அன்றாடம் சாலையில் ஓட்ட இடமில்லை. மெழுகு பூசிக் கண்காட்சியில் நிறுத்தும் காருக்கு என் பட்டறை தேவைப்படுவதில்லை. ஓடித் தேயும் காருக்குத்தான் தேவைப்படும்.

எனவே பந்தயங்களை நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாளாவது, 1100 சிசிக்கு உட்பட்ட பழைய சிறு கார்களுக்கென்று அமெச்சூர் பிரிவு ஒன்றை ஓடுதளத்தில் நடத்த வேண்டும். அசல் பிளாக்கும் அசல் ஹெட்டும் இருக்க வேண்டும், போர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது, கார்புரேட்டர் ஒன்றே ஒன்று என்று மூன்று வரியில் விதி எழுதினால் போதும். பணம் உள்ளவர் வெளிநாட்டிலிருந்து எஞ்சின் தருவித்து ஜெயிக்கும் வழி அதோடு அடைபடும். ஃபியட்டை ஒரு மில்லிமீட்டர் பெருக்கினால் 1122 சிசி வரும் என்பதால், அளவு அசல் விட்டத்தை வைத்துக் கணக்கிடப்படும் என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். இல்லையேல் முதல் நாளே வழக்கு வரும். ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு), ஹெல்மெட், தீயணைப்பான் இவற்றில் சலுகை எதுவும் கூடாது. வடசென்னைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளை அன்றைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் இருவராக நிறுத்தினால், ஃபில்லர் கேஜை அவர்களும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்ப்பார்கள்.

பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளின் ஹெட்டைக் கழற்றி விட்டத்தை அளந்து பார்க்க ஆள் வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு நானும், இத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற என் கூட்டாளிகள் இருவரும் எங்கள் மைக்ரோமீட்டர்களோடு கூலி வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம். மதியச் சாப்பாடு மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
போரிங் பட்டறைக்காரர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை